நாற்பது நிமிட வகுப்புக்கு ஒரு கம்ப்யூட்டர்

பெங்களூரு வைட்ஃபீல்டில் கம்ப்யூட்டருக்குப் பஞ்சமில்லை. ஐ.டி.பி.எல். சாலையை ஒட்டிய அலுவலகங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தங்கள் மெஷின்களை மொத்தமாக மாற்றிவிடுகின்றன. பெரும்பாலும் அவை பழுதாவதில்லை, வாரண்டிதான் முடிந்துபோகிறது. ஏலத்தில் எடுக்கப்பட்டு, ‘லாட்’ லாட்டாக டெம்போவில் ஏறி வெளியே வருகின்றன. அதே சாலையிலிருந்து உள்ளே திரும்பினால், ஒரே மெஷினைச் சுற்றிப் பிள்ளைகள் கும்பலாக நிற்கும் பள்ளிகளும் இருக்கின்றன. இந்த இரண்டுக்கும் நடுவே உட்கார்ந்து வேலை செய்கிறவர்களைப் பார்க்கத்தான் கடுகோடிக்குப் போனேன்.

1882இல் ஆங்கிலோ இந்தியர்களின் குடியிருப்பாகத் தொடங்கிய ஊர் வைட்ஃபீல்டு. இன்று ஊதா வழித்தட மெட்ரோ அதன் கடுகோடிப் பக்கத்தில்தான் முடிகிறது. நிலையத்திலிருந்து சிறிது தூரத்தில், தரைத்தளத்துக்குக் கீழே இருக்கிறது பட்டறை. நடத்துபவர் தருமபுரிக்காரர். எஸ்.பி. ரோடு கம்ப்யூட்டர் கடைகளில் எடுபிடியாகச் சேர்ந்து தொழில் கற்றவர். அவருடன் மாலூரிலிருந்து வரும் ஒரு பையனும், ஓசூர்ப் பக்கத்து அக்கா ஒருவரும். நான் போனபோது ஒரு சிறு பள்ளிக்காக இருபது மெஷின்களைத் தயார் செய்துகொண்டிருந்தார்கள்.

நான் முதலில் கேட்டது எந்தப் பிராசஸர் நல்லது என்றுதான். எல்லோரும் கேட்பதும் அதைத்தான். அவர் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைக்காமலே சொன்னார்: “பிராசஸரை விடுங்க சார். ஸ்கூல்ல பிராசஸர் போய் நான் பார்த்ததில்ல. எஸ்.எம்.பி.எஸ். போகும், டிஸ்க் போகும், வயர் காணாமப் போகும். எது போகுமோ அதுக்குத்தான் காசு போடணும்.”

பட்டறையில் இருந்த நேரம் முழுக்க நான் பார்த்ததெல்லாம் இந்தச் சொல்லின் விளக்கமாகவே எனக்குப் பட்டது.

பட்ஜெட் குறைவான பள்ளிகள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஏறக்குறைய பத்தாயிரம் ரூபாய்க்குப் ‘புது’ அசெம்பிள்டு கம்ப்யூட்டர் என்று விற்கிறார்கள். பளபளக்கும் கேபினட், முன்பக்கம் கண்ணாடி, உள்ளே வண்ண விளக்கு, பில், ஒரு வருட வாரண்டி. திறந்து பார்த்தால் எச்61 சிப்செட் உள்ள போர்டு. அந்த சிப்செட் 2011இல் வந்தது. அதில் உட்காரும் பிராசஸர் இன்டெலின் இரண்டாம் அல்லது மூன்றாம் தலைமுறை. பழைய மெஷினிலிருந்து கழற்றியதைப் புதிதாக அச்சடித்த போர்டில் மாட்டியிருப்பார்கள். ராம் டி.டி.ஆர்.3. மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கையில் எடுத்தால் காகிதப் பெட்டி போல இருக்கும். தருமபுரிக்காரர் இரண்டு எஸ்.எம்.பி.எஸ்.ஸை என் இரண்டு கையிலும் கொடுத்தார். ஒன்று லோக்கல், இன்னொன்று கம்பெனி மெஷினிலிருந்து எடுத்தது. கம்பெனி எஸ்.எம்.பி.எஸ். நல்ல கனம். லோக்கலில் மேலே 450 வாட் என்று ஒட்டியிருக்கிறது. உள்ளே இருக்க வேண்டிய காயிலும் ஃபில்டரும் இல்லை. மின்சாரம் ஏறி இறங்கும்போது இந்தப் பெட்டி முதலில் போகும், சில சமயம் போர்டையும் இழுத்துக்கொண்டு போகும்.

அவர் பள்ளிக்கு எடுத்துக்கொண்டிருந்தது ஆறாம் தலைமுறை ஐ5 உள்ள அலுவலக மெஷின்கள், 2015க்குப் பிந்தையவை. நான்கு கோர், டி.டி.ஆர்.4 ராம். இவை இப்போது கூடுதலாகச் சந்தைக்கு வரக் காரணம் இருக்கிறது. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 பொதுவாக எட்டாம் தலைமுறைக்குக் கீழே உள்ள இன்டெல் பிராசஸர்களை ஏற்பதில்லை. ஆகவே நன்றாக ஓடும் மெஷின்கள் அலுவலகத்துக்கு உதவாதவை ஆகிவிட்டன. லினக்ஸ் போட்டால் இவை இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். உபுண்டு 24.04க்கு 2029 வரை பாதுகாப்பு மேம்பாடுகள் வரும். எழுதுவதற்கு லிப்ரே ஆபீஸ், கணக்குக்கு ஜியோஜீப்ரா, சின்னப் பிள்ளைகளுக்கு ஜீகாம்ப்ரி, நிரல் பழக ஸ்கிராட்ச். பள்ளிக்கு வேண்டியது பெரும்பாலும் இதற்குள் அடங்கிவிடும். கேரளத்து அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளில்தான் தகவல் தொழில்நுட்பப் பாடம் நடத்துகின்றன. அங்கே ஆசிரியர்களுக்கு முறையாகப் பயிற்சி கொடுத்தார்கள். அந்தப் பயிற்சி இல்லாமல் லினக்ஸை மட்டும் ஏற்றிக் கொடுத்தால் மெஷின் பூட்டிய அறையில்தான் கிடக்கும்.

ராம் 8 ஜி.பி. அதை ஒரே குச்சியாகப் போடாமல் இரண்டு 4 ஜி.பி.யாகப் போடுகிறார். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினில் படம் காட்டும் வேலையும் அதே ராமில்தான் நடக்கிறது. இரண்டு பாதை திறந்தால் அது வேகமாக நடக்கும். லாட்டில் 4 ஜி.பி. குச்சிகள் மலிவாகக் கிடைப்பதும் ஒரு காரணம்.

டிஸ்க் விஷயத்தில் மட்டும் அவர் எந்தப் பேரத்துக்கும் இறங்குவதில்லை. ஹார்டு டிஸ்க் வேண்டவே வேண்டாம், 240 அல்லது 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. போதும் என்கிறார். பள்ளியில் கம்ப்யூட்டர் பீரியட் நாற்பது நிமிடம். பழைய ஹார்டு டிஸ்க்கில் மெஷின் எழுந்து, மென்பொருள் திறந்து, பிள்ளை முதல் எழுத்தைத் தட்டுவதற்குள் ஐந்து நிமிடம் போய்விடும். பெல் அடித்ததும் யாராவது சுவரில் உள்ள சுவிட்சை நேரே அணைப்பார்கள். சுழன்றுகொண்டிருக்கும் தட்டுக்கு அது ஆகாது. எஸ்.எஸ்.டி.யிலும் போலி உண்டு. பெட்டியில் 256 என்றிருக்கும், எழுதிப் பார்த்தால் அதில் ஒரு பங்குதான் நிற்கும். அதனால் ஒவ்வொன்றையும் முழுக்க எழுதித் திரும்பப் படித்துச் சோதிக்கிறான் மாலூர்ப் பையன். செகண்ட்ஸ் டிஸ்க் என்றால் அது எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பதை டிஸ்க்கே சொல்லிவிடும். அதைப் படித்து ஒரு நோட்டில் குறித்துக்கொள்கிறான்.

மெஷினுக்கு உயிர் திரும்புவது அக்காவின் கையில். கேபினட்டைத் திறந்து வெளியே எடுத்துப் போய் ப்ளோயர் வைக்கிறார். வைக்கும்போது ஃபேன் இறக்கையை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொள்கிறார். காற்று வேகத்தில் ஃபேன் கன்னாபின்னாவென்று சுற்றினால் பேரிங் போய்விடும் என்றார். பழைய பேஸ்ட்டைத் துடைத்து, பிராசஸர் மேல் புதிதாகக் கொஞ்சமாக வைக்கிறார். ராம் குச்சியின் தங்க விளிம்பைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்க்கிறார். டிஸ்பிளே வராத மெஷின்களில் பாதி இந்த ரப்பரிலேயே பிழைத்துவிடும் என்பது அவர் கணக்கு. அவர் மாஸ்க் போட்டிருந்தார், ஆனால் அது சாதாரணத் துணி. வருடக்கணக்கான அலுவலகத் தூசி நாள் முழுக்க அவர் முகத்தில்தான் படிகிறது. நல்ல மாஸ்க்கும், தூசியை இழுக்கும் கருவியும் இந்தத் தொழிலில் கட்டாயம் இருக்க வேண்டும். விலை குறைத்துக் கேட்கிறவர்கள் அந்தக் குறைவு எங்கிருந்து வருகிறது என்று யோசிப்பதில்லை.

பவர் பட்டன் விளக்கைப் பார்த்தே நோயைச் சொல்கிறான் பையன். பள்ளிக்கு எடுத்த டெல் ஆப்டிப்ளெக்ஸ் வரிசையில் அந்த விளக்கு மஞ்சளிலும் வெள்ளையிலும் எத்தனை முறை மின்னுகிறது என்பதே கோளாறைச் சொல்லிவிடும். சாக்கெட்டில் வளைந்த பின்னை மொபைல் டார்ச் வெளிச்சத்தில் ஊசியால் நிமிர்த்துகிறான். தலைமுடியைவிட கொஞ்சம்தான் தடிமனான பின்கள், ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. அவன் அதைச் செய்யும்போது யாரும் பேசுவதில்லை. நிமிர்ந்ததும் “ஆய்த்து அண்ணா” என்றான் கன்னடத்தில்.

அலுவலக மெஷின்களில் குறையும் உண்டு. அதை அவர் மறைக்கவில்லை. எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து போர்டுக்குப் போகும் இணைப்பு பல மாடல்களில் அந்தந்தக் கம்பெனிக்கே உரியது. பொதுவான 24 பின் இதில் மாட்டாது. ஃபேனும் அப்படித்தான். எஸ்.பி. ரோட்டில் தேடினாலும் சட்டென்று கிடைக்காது. “அதான் சார், இருபதும் ஒரே மாடல் எடுத்தேன். கூட ரெண்டு பாடி சும்மா குடுத்துடுவேன். ஒண்ணு போனா அதுலருந்து எடுத்து மாட்டிக்கலாம். வேற வேற மாடலா இருபது வாங்கினா, இருபது விதமான தலைவலி.” நன்கொடையாக ஆளுக்கொரு மெஷின் கொடுத்து நிரப்பிய ஆய்வகங்கள் ஏன் சீக்கிரம் படுத்துவிடுகின்றன என்பது எனக்கு அப்போது புரிந்தது.

மானிட்டருக்குப் போகும் வயரும் அப்படித்தான். மெஷினில் டிஸ்பிளே போர்ட், பழைய மானிட்டரில் வி.ஜி.ஏ. நடுவே ஒரு கன்வெர்ட்டர். விரல் நீளமுள்ள அந்தச் சாமான் தொலைந்தால் அன்றைக்கு வகுப்பு இல்லை. அவர் அதைக் கேபிள் டையால் கேபினட்டோடு சேர்த்துக் கட்டிவிடுகிறார்.

விசைப்பலகையில் கன்னட எழுத்து ஒட்ட வேண்டுமா என்று பள்ளி கேட்டிருந்தது. கர்நாடக அரசின் நுடி மென்பொருள் பின்பற்றும், கே.பி. ராவ் வகுத்த விசைமுறை ஆங்கில எழுத்துகளை ஒட்டியே ஓடுவதால் ஸ்டிக்கர் இல்லாமலும் பழகலாம். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகளுக்காகத் தமிழ்99ஐயும் சேர்த்துப் போட்டுவைக்கிறார். யாரும் கேட்கவில்லை, தானாகச் செய்கிறார். அதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

மெஷின்களை ஏற்றுவதற்கு முன் அவர் பள்ளிக்குப் போய் முதலில் தொட்டது கம்ப்யூட்டரை அல்ல, பிளக் பாயிண்டை. மல்டிமீட்டரை நியூட்ரலிலும் எர்த்திலும் வைத்தார். இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருந்தால் சரி, அதற்கு மேலே போனால் எர்த்தைப் பார்க்க வேண்டும். எர்த் இல்லாத அறையில் இரும்புக் கேபினட்டைத் தொடும் பிள்ளைக்குச் சுரீரென்று அடிக்கும். மெஷினும் மானிட்டரும் சேர்ந்து ஐம்பது அறுபது வாட் இழுத்தால், இருபதுக்கும் 1.2 கிலோவாட் வரை போகும். அதைத் தாங்கும் வயரும் எம்.சி.பி.யும் அந்த அறைக்கு இருக்கிறதா என்று பார்த்து, எலக்ட்ரீஷியனை வரச் சொல்லிவிட்டுத்தான் திரும்பினார். இந்த வேலைக்கு பில்லில் தனி வரி கிடையாது.

எல்லாம் சேர்த்து ஒரு மெஷின் மானிட்டரோடு பதினைந்தாயிரத்துக்குள் முடிந்தது. இதே வேலைக்குப் புதிய பாகங்களால் ஒழுங்காக அசெம்பிள் செய்திருந்தால் ஏறக்குறைய இரட்டிப்பாகியிருக்கும். அதற்கும் இடம் உண்டு. வீடியோ எடிட்டிங், முப்பரிமாண வரைகலை சொல்லிக்கொடுக்கும் மேல்வகுப்புக்கு இரண்டொரு புது மெஷின் எடுத்துக்கொள்ளலாம். மற்ற பிள்ளைகளுக்கு அலுவலக மெஷின்களே சரி என்பது என் தீர்மானம்.

வைட்ஃபீல்டு அலுவலகங்களில் கொள்முதலும் கழிவும் பார்ப்பவர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். லாட் இறங்கும்போது பெரும்பாலான மெஷின்களில் டிஸ்க் இருப்பதில்லை. ரகசியம் கருதிக் கழற்றி நொறுக்கிவிடுகிறீர்கள். எஸ்.எஸ்.டி.யை அதற்குரிய கட்டளையால் முழுக்க அழிக்க முடியும், அழித்ததற்குச் சான்றும் எடுத்துக்கொள்ள முடியும். அப்படி அழித்து, பயாஸ் பாஸ்வேர்டை நீக்கி, ராமோடும் பவர் கேபிளோடும் கொடுங்கள். ஒரு பள்ளிக்குக் கொடுப்பதென்றால் ஒரே மாடலாகக் கொடுங்கள். பள்ளிக்கு வாங்குகிறவர்கள் விலைப்பட்டியலை முடிவு செய்வதற்கு முன், பழுது பார்க்கப்போகிறவரை ஒருமுறை அழைத்து அந்த அறையைக் காட்டுங்கள். அவருடைய அந்த நேரத்துக்கும் கூலி கொடுங்கள்.