விழுந்து எழும் பிள்ளைகளின் கதைகள்

க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு வெளிவந்த அன்று எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு யாருக்கும் இறங்கவில்லை. மகனுக்கு எட்டுப் பாடங்கள் சித்தி. கணிதத்தில் மட்டும் 'டபிள்யூ'. அவனுடைய முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் நான்தான் முதலில் வாயைத் திறந்தேன். "உங்களுக்குக் கணக்கு ஏறாது மகன். அதை நினைச்சி கவலப்படாம விடுங்க" என்றேன். ஆறுதல் என்று எண்ணித்தான் சொன்னேன். அவன் ஒன்றும் பேசாமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

மூன்று நாட்களாக அறையும் கைத்தொலைபேசியுமாகவே கிடந்தான். நான்காம் நாள் அஸர் தொழுத கையோடு ஏசுவதற்காகவே உள்ளே போனேன். ஏதோ ஜப்பான் நாட்டுக் கார்ட்டூன் ஓடிக்கொண்டிருந்தது. "பதினாறு வயசுல கார்ட்டூனா?" என்று தொடங்கினேன். "ஏசாம ஒரே ஒரு எபிசோட் என்னோட இருந்து பாருங்க உம்மா. பொறகு ஏசுங்க" என்றான். அந்தக் குரலுக்காக உட்கார்ந்தேன்.

தொடரின் பெயர் 'நருட்டோ'. மசாஷி கிஷிமோட்டோ என்பவர் 1999 முதல் 2014 வரை வாராந்தச் சஞ்சிகையொன்றில் வரைந்த சித்திரக்கதை அது. தொலைக்காட்சித் தொடராக 2002இல் தொடங்கியது. நருட்டோ தாய் தகப்பன் இல்லாத சிறுவன். அவன் பிறந்த இரவில் ஊரை அழிக்க வந்த ஒன்பது வால் நரியை அவனுடைய உடம்புக்குள் அடைத்து வைத்திருக்கிறார்கள். அது அவனுக்குத் தெரியாது. ஊரார் மட்டும் அவனைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். முதல் அத்தியாயத்திலேயே அவன் பரீட்சையில் தோற்கிறான். அதுவும் மூன்றாவது தடவையாக! சித்தியடைந்த பிள்ளைகளைப் பெற்றோர் கட்டியணைத்து அழைத்துப்போக, இவன் தூரத்து ஊஞ்சலில் தனியே இருந்து பார்க்கிறான்.

ஏச வந்ததை நான் மறந்துவிட்டேன். மகன் எனக்குக் கார்ட்டூன் காட்டவில்லை, தன் மனத்தைக் காட்டியிருக்கிறான் என்பது விளங்கியது.

அந்தச் சிறுவனை இருக்கா என்ற ஆசிரியர் காப்பாற்றுகிறார். அதே நரியினால் தன் பெற்றோரை இழந்தவர் அவர். வெறுப்பதற்குக் காரணம் இருந்தும் வெறுக்காமல், பையனை நோக்கி வரும் ஆயுதத்தைத் தன் முதுகில் தாங்குகிறார். முடிவில் தன் நெற்றிப் பட்டையைக் கழற்றி அவனுக்குக் கட்டிவிடுகிறார். எத்தனை முறை விழுந்தாலும் எழும்புகிற வீரனாகப் பிற்காலத்தில் அவன் ஆனதற்கு வேர் அந்த ஒரு செயல்தான்.

இந்தத் தொடர் முதற்பகுதி 220 அத்தியாயம், இரண்டாம் பகுதி 500 அத்தியாயம். நாளொன்றுக்கு இரண்டு வீதம் பார்த்தாலும் ஒரு வருடம் போகும். மகன் ஏற்கெனவே முடித்திருந்தான். இதைப் போல வேறு எவற்றைப் பார்க்கவிடலாம் என்று மூத்த மகளிடம் கேட்டு, அவள் சொன்னவற்றை நானும் மகனுடன் இருந்து பார்த்தேன். இதே கேள்வி பல உம்மாமாருக்கும் இருக்கும் என்பதால் எனக்குப் பட்டதை எழுதுகிறேன்.

முதலாவது, 'ஃபுல்மெட்டல் அல்கெமிஸ்ட்'. சித்திரக்கதையை எழுதியவர் ஹிரோமு அரக்காவா என்ற பெண்மணி. ஹொக்கைடோவில் பால் பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர். 2009, 2010இல் வந்த 'பிரதர்ஹுட்' என்ற பதிப்பு 64 அத்தியாயங்களில் கதையை முழுமையாக முடிக்கிறது. தாய் நோயில் இறந்துவிட, இரண்டு சிறுவர்கள் ரசவாதத்தால் அவளை உயிர்ப்பிக்க முயல்கிறார்கள். அந்தத் தவறுக்கு மூத்தவன் ஒரு காலையும், இளையவன் உடல் முழுவதையும் இழக்கிறார்கள். தம்பியின் உயிரை ஓர் இரும்புக் கவசத்தில் தங்கவைப்பதற்காக மூத்தவன் தன் கையையும் கொடுக்கிறான். இழந்ததை மீட்பதற்கு இருவரும் சேர்ந்து அலைவதுதான் கதை. மௌத்தானவர்களைத் திரும்பக் கொண்டுவர மனிதனால் முடியாது என்று கதையே சொல்கிறது. ஆனால் இறைவன் என்ற பெயரில் நம் ஈமானுக்கு ஒவ்வாத கற்பனைகளும் அதில் வருகின்றன. அந்த இடங்களில் பிள்ளையோடு பேசத்தான் வேண்டும்.

இரண்டாவது, 'டெமன் ஸ்லேயர்'. 2019இல் தொடங்கிய தொடர். தகப்பன் இல்லாத வீட்டின் மூத்த மகன் தஞ்சிரோ, மலையிலிருந்து கரி சுமந்து விற்றுக் குடும்பத்தைப் பார்க்கிறான். ஒருநாள் வீடு திரும்பும்போது தாயும் உடன்பிறந்தோரும் கொல்லப்பட்டுக் கிடக்கிறார்கள். உயிரோடிருக்கும் ஒரே தங்கையும் அரக்கியாக மாறிவிடுகிறாள். அவளை மீண்டும் மனுஷியாக்குவதற்காக, ஒரு மரப்பெட்டிக்குள் வைத்து முதுகில் சுமந்துகொண்டே அவன் ஊர் ஊராய்ப் போராடுகிறான். தங்கச்சிமாருக்காக உழைக்கும் நம்முடைய நானாமாரை நினைத்து அழுதேன். ஆனால் தலை துண்டாகும் காட்சிகளும் இரத்தமும் அதிகம். சிறு பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

சிறியவர்களுக்கு 'கப்டன் சுபாசா' போதும். யோயிச்சி தகாஹாஷி 1981இல் தொடங்கிய உதைபந்தாட்டக் கதை. இரத்தமில்லை, பேயில்லை. 'கப்டன் மாஜித்' என்ற பெயரில் அரபியிலும் வந்தது. பக்கத்து வீட்டு ராத்தா முன்பு குவைத்தில் வேலை செய்தவர். படத்தைக் கண்டதும், "இது எங்கட வீட்டுப் புள்ளைகள் பார்த்த மாஜிதல்லோ!" என்று கைகொட்டிச் சிரித்தார். என் உம்மாவோ, "இது ஒஷின்ட நாட்டுக் கதையா?" என்று கேட்டார். ரூபவாஹினியில் சிங்களத்தில் ஒஷின் பார்த்து அழுத தலைமுறை அல்லவா!

கடைசியாக, என்னைத் திருத்திய தொடரைச் சொல்கிறேன். பெயர் 'மை ஹீரோ அக்கடமியா'. கோஹெய் ஹொரிகோஷி 2014 முதல் 2024 வரை எழுதியது. 2016இல் தொலைக்காட்சிக்கு வந்தது. மக்களில் நூற்றுக்கு எண்பது பேர் ஏதோ ஒரு விசேட சக்தியோடு பிறக்கும் உலகம் அது. நான்கு வயது இசுக்குவுக்கு ஒரு சக்தியும் வராது என்று வைத்தியர் சொல்லிவிடுகிறார். ஆட்களைக் காப்பாற்றும் வீரனின் படத்தைத் திரையில் காட்டி, தானும் அப்படி ஆகலாமா என்று பிள்ளை தாயிடம் கண்ணீரோடு கேட்கிறான். தாய் அவனைக் கட்டிப்பிடித்து, மன்னித்துக்கொள் என்று அழுகிறாள். அவன் எதிர்பார்த்த சொல் அதுவல்ல. உன்னால் முடியும் என்ற ஒரு சொல்லைத்தான். பல வருடங்களுக்குப் பிறகு அந்தச் சொல்லை ஓர் அந்நியர் சொல்கிறார்.

எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. "கணக்கு ஏறாது, விடுங்க" என்று நான் சொன்னதும் அதேதானே! அன்பினாலேயே பிள்ளையைக் கைவிட்டிருக்கிறேன். பக்கத்தில் மகன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அந்தத் தாயின் கதை அதோடு முடியவில்லை. மகன் விடாமல் பயிற்சி செய்து பாடசாலைக்குத் தெரிவானதும், அவனுடைய பழைய கொப்பியில் கிறுக்கியிருந்த வீர உடையைத் தன் கையாலேயே தைத்து அவனிடம் கொடுக்கிறாள். அன்று நானே நம்பிக்கையை விட்டுவிட்டேன், இனி முழு மனதோடு துணை நிற்பேன் என்று மன்னிப்புக் கேட்கிறாள். சண்டைக் காட்சிகள் எத்தனையோ பார்த்தேன். இவ்வளவு தைரியமான காட்சியை நான் காணவில்லை.

சகோதரிகளே, இந்தத் தொடர்களில் குறைகள் இல்லாமல் இல்லை. நருட்டோவில் நாகரிகமற்ற பகிடிகள் உண்டு. பெண்களின் உடை சில இடங்களில் முகம் சுளிக்க வைக்கும். மாயம், மந்திரம் எல்லாம் கற்பனை என்று பிள்ளைக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் இஷாத் தொழுத பிறகு ஓர் அத்தியாயம், கூடினால் இரண்டு. அறைக்குள் அல்ல, எல்லோரும் இருக்கும் ஹோலில். ஒன்று சுமார் 24 நிமிடம்தான். ஏசுவதற்குச் செலவாகும் நேரத்தை விடக் குறைவு.

ஸப்ர் என்றால் கையைக் கட்டிக்கொண்டு இருப்பது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். தண்ணீரில்லாத பள்ளத்தாக்கில் அன்னை ஹாஜரா (அலை) அவர்கள் அப்படி இருக்கவில்லை. ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையில் 7 தடவைகள் ஓடினார்கள். ஓடிய மலைகளில் தண்ணீர் கிடைக்கவில்லை. அல்லாஹ் அதைப் பிள்ளையிருந்த இடத்தில் கொடுத்தான். அதற்காக அந்த ஓட்டம் வீணாகிவிடவில்லை. ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் போகும் ஒவ்வொருவரும் இன்றும் அந்த அடிச்சுவட்டில்தான் நடக்கிறார்கள். விடாமுயற்சியின் பாடத்தை ஜப்பானிலிருந்து கடன் வாங்க நமக்கு அவசியமில்லை. ஆனால் நம் பிள்ளை எங்கே இருந்து அழுகிறான் என்பதை எனக்குக் காட்டியது அந்தக் கார்ட்டூன்தான். அதை மறைத்து எழுதினால் பொய்யாகிவிடும்.

அன்றிரவு மகனிடம், "அன்டைக்கு நான் சொன்னது பிழை மகன். உங்களால ஏலும். நானும் கூட இருக்கன்" என்றேன். அவன் சிரித்தான். பெறுபேறு வந்த பிறகு நான் கண்ட முதல் சிரிப்பு.

எனக்குத் தைத்துக்கொடுக்க வீர உடை ஒன்றுமில்லை. சுபஹ் தொழுததும் இரண்டு கோப்பை பிளேன்டீ ஊற்றிக்கொண்டு அவனுக்கு எதிரே இருப்பேன். நாளுக்கு 5 கணக்கு. எனக்கு விளங்காததை அவன் விளங்கப்படுத்துவான். விளங்கப்படுத்தும்போது அவனுக்கும் விளங்கிவிடும். கணிதப் பரீட்சையை மீண்டும் எழுதிவிட்டான். பெறுபேறு இன்னும் வரவில்லை. எது வந்தாலும் இம்முறை நான் சொல்ல வேண்டிய வார்த்தை எனக்குத் தெரியும். நம் எல்லோருடைய பிள்ளைகளுக்கும் அல்லாஹ் பிரயோசனமான கல்வியைத் தருவானாக. ஆமீன்.