தாமிரபரணிக் கரையில் ஒரு கேமரா பாடம்

திருநெல்வேலிக்குப் புறப்படும் தோழியரே, மாற்றுப்புடவையும் துண்டும் கைக்கெட்டுகிற பையில் இருக்கட்டும். தாமிரபரணியைப் பார்த்துவிட்டு முங்காமல் திரும்ப யாருக்கு மனசு வரும்? கூடவே, அலமாரியில் தூங்கும் சின்ன டிஜிட்டல் கேமராவையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் ஒரு படம் உண்டு. ஓர் ஆனித் தேரோட்டத்தன்று நெல்லையப்பர் கோயில் முன்பு அத்தையும் மாமாவும் நிற்கிறார்கள். வழியில் போன யாரோ எடுத்துக் கொடுத்தது. கோபுரத்துப் பொம்மைகளை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். இருவர் முகமும் மட்டும் மங்கல். மாமா இப்போது இல்லை. இருவரும் ஜோடியாக நின்ற வேறு படமும் கிடையாது.

ஏன் அப்படி ஆயிற்று? இந்தக் கேமராக்கள் பெரும்பாலும் படத்தின் நடுப்பகுதியைத்தான் கவனிக்கும். லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தி, நடுவில் இருப்பது எப்போது மிகத் தெளிவாகத் தெரிகிறதோ அங்கே நிறுத்திக்கொள்ளும். இரண்டு பேர் இடைவெளி விட்டு நின்றால் நடுவில் இருப்பது கோபுரம்தானே! தானாக ஃபோகஸ் செய்யும் முதல் சின்னக் கேமராவை ஜப்பானின் கோனிக்கா கம்பெனி 1977-இல் விற்பனைக்கு விட்டதிலிருந்தே இந்தத் தொல்லை உண்டு. இதற்கு மருந்துதான் ஃபோகஸ் லாக்.

இந்த முறை அத்தையையும் என் மகளையும் குறுக்குத்துறைக்குக் கூட்டிப் போனோம். முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. பெருவெள்ளம் வந்தால் மூழ்கிவிடும். 2023 டிசம்பரிலும் மூழ்கியது. வெள்ளம் வடிந்ததும் பழையபடி பூஜை!

குளித்து முடித்துப் பாட்டியும் பேத்தியும் படியில் உட்கார்ந்தார்கள். “என்னைய எதுக்கு எடுக்கே? கோயில எடு” என்றார் அத்தை. இரண்டையும்தான் எடுத்தேன். முதலில் அத்தையின் முகத்தைத் திரையின் நடுவில் வைத்துப் பொத்தானைப் பாதி மட்டும் அழுத்தினேன். ‘பீப்’ என்று சத்தம். பச்சைக் கட்டம் வந்தது. விரலை எடுக்காமல் கேமராவை மெதுவாக வலப்பக்கம் திருப்பினேன். அவர்கள் இடது ஓரத்துக்குப் போக, ஆறும் கோயிலும் உள்ளே வந்தன. அப்புறம் முழுதாக அழுத்தினேன். அவ்வளவுதான்!

சில விஷயங்களை மறக்காதீர்கள். நடுவில் விரலை எடுத்தால் பூட்டு திறந்துவிடும். பாதி அழுத்திய பின் நீங்களோ அவர்களோ முன்னே பின்னே நகரக் கூடாது. நகர்ந்தால் மறுபடி முதலிலிருந்து. கட்டம் பச்சையாகாமல் மின்னினால் ஃபோகஸ் பிடிபடவில்லை என்று அர்த்தம். வெள்ளைச் சுவர், வெறும் வேட்டி போன்றவை பிடிபடாது; அதே தூரத்தில் இருக்கும் சேலைக் கரையைப் பிடியுங்கள். பல கேமராக்களில் வெளிச்ச அளவும் கூடவே பூட்டிக்கொள்ளும். ஆகவே தண்ணீர் எவ்வளவு பளபளத்தாலும் முகம் இருட்டாகாது.

கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயிலின் நாயக்கர் காலச் சிற்பத் தூண்களுக்கும் இதே முறைதான். படம் எடுக்கலாமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பத்தமடையில் கோரைப்பாயின் நெசவைக் கிட்டத்தில் எடுக்க, பூப்படம் போட்ட பொத்தானை அழுத்திவிட்டுப் பிறகு பூட்டுங்கள்.

“செல்போன் இருக்கே!” என்கிறீர்களா? பல போன்களில் திரையில் முகத்தின் மேல் விரலைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் இதே பூட்டு விழும்.

அன்று திரையில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். “ஏளா, மூக்குத்திகூட தெரியுதே!” என்றார் அத்தை. உங்கள் வீட்டுப் பெரியவர்களையும் அப்படி ஒன்று எடுத்து, ஊர் திரும்பியதும் மறக்காமல் பிரிண்ட் போட்டு மாட்டுங்கள்.