சோம்பேறிப் பட்டமும் நூறு மைக்ரோகிராமும்

சோம்பேறி என்கிற சொல்லை எங்கள் காலனி சனங்கள் மேல் வீசுவது ஊர்க்காரர்களுக்குப் பரம்பரைப் பழக்கம். விடியுமுன்னே எழுந்து சேற்றில் இறங்கி, பொழுது சாய வீடு திரும்புகிற உடம்பைப் பார்த்து, சேற்றில் கால் வைக்காதவன் சொல்கிற சொல் அது. கூலியை உயர்த்திக் கேட்டால் சோம்பேறி. காய்ச்சலில் படுத்தால் சோம்பேறி. அந்தச் சொல் வரப்போடு நின்றுவிடுவதில்லை. ஆஸ்பத்திரிக்குள்ளும் வருகிறது. சீட்டில் எழுதுகிற மருந்திலும் அதன் அளவிலும் கலக்கிறது. என் உடம்பில் அது எப்படி நடந்தது என்று எழுதுகிறேன்.

2011இல் எனக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தது. ஏழெட்டு மாசம் போயிருக்கும். காலையில எழுந்தா முகம் உப்பிக் கிடக்கும். குரல் கரகரத்துப் போச்சு. தலை வாரினா சீப்பு நிறைய முடி. சித்திரை வெயில்லயும் ராத்திரி போர்வை கேக்கும் உடம்பு. வெளிக்குப் போய் நாலு நாள் ஆயிருக்கும். மாதவிலக்கு வந்தா பத்து நாள் நிக்காது. சாப்பாடு அரை வயிறுதான், ஆனா உடம்பு பெருத்துக்கிட்டே போச்சு. நடவுல எல்லாரும் வரிசையா முன்னாடி போவாங்க, நான் ஒருத்தி மட்டும் பின்னால நிப்பேன்.

வரப்பில் நின்ற நிலத்துக்காரம்மா சொன்னாங்க: "தின்னுட்டு ஊதிப் போயிருக்கா. வேலைன்னா மட்டும் வலிக்குது. இந்த சனமே இப்படித்தான்." அன்னைக்கு எனக்கு அரைக் கூலிதான். வீட்டில் மாமியாரும் அதையே வேறு மாதிரிச் சொன்னாங்க: "நாங்கல்லாம் பெத்த பதினாறாம் நாளே களையெடுக்கப் போனவங்கடி." ஊர்க்காரி சொல்லைப் பல தலைமுறையாகக் கேட்டுக் கேட்டு எங்கள் பெண்கள் வாயிலும் அது ஒட்டிக்கொண்டது. மாமியாரை நான் குறை சொல்லவில்லை.

சுகாதார நிலையத்துக்குப் போனேன். என் வியாதியைக் கேட்பதற்கு முன்னால் என் தெருவைக் கேட்டார் டாக்டர். "காலனி சார்" என்றேன். பெஞ்சியில் உட்காரச் சொல்லவில்லை. "ரத்தம் இல்ல, சத்தா சாப்பிடு" என்று இரும்புச்சத்து மாத்திரை எழுதினார். ரத்தம் குறைவாக இருந்தது பொய்யில்லை. ஆனால் இரும்பு தின்றும் களைப்பு தீரவில்லை. டவுனில் தனியார் டாக்டரிடம் போனேன். வாரம் ஒரு சத்து ஊசி போட்டார். இரண்டு வருஷத்தில் நாலு டாக்டர் பார்த்தேன். ஒருவர் கையும் என் கழுத்தில் படவில்லை.

கைபடாமல் கண்டுபிடிக்கிற வியாதி இல்லை இது. 2013இல் அரசு ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த ஒரு டாக்டரம்மா, "உக்காருங்க" என்றார். நாடி பிடித்தார். நிமிஷத்துக்கு ஐம்பத்து நாலு. குதிகால் நரம்பைச் சின்ன சுத்தியலால் தட்டிப் பார்த்தார். துள்ளின கால் மெதுவாகத்தான் பழைய நிலைக்கு வந்தது. பிறகு எனக்குப் பின்னால் வந்து நின்று, பத்து விரலையும் என் கழுத்தில் வைத்து, "தண்ணிய ஒரு வாய் குடிச்சு முழுங்குங்க" என்றார். ஆஸ்பத்திரியில் என்னை 'ங்க' போட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். 86 என்று வந்தது.

தைராய்டு கழுத்தில் இருக்கிற சின்னச் சுரப்பி. அதில் சுரக்கிற தைராக்சின்தான் உடம்பு எவ்வளவு வேகமாக ஓட வேண்டும் என்று முடிவு செய்கிறது. அது குறைந்தால் இதயம், குடல், தோல், மூளை எல்லாமே மந்தமாகும். டி.எஸ்.எச். என்பது மூளைக்கு அடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டை "சுர, சுர" என்று விரட்டுகிற சரக்கு. களத்தில் வேலை நடக்கவில்லை என்றால் மேஸ்திரியின் சத்தம் ஏறுகிற மாதிரி, தைராக்சின் குறையக் குறைய டி.எஸ்.எச். ஏறும். ஏறக்குறைய 0.4க்கும் 4க்கும் இடையில் இருக்க வேண்டியது எனக்கு 86.

லெவோதைராக்சின் 50 மைக்ரோகிராமில் ஆரம்பித்து, இரண்டு மாதம் கழித்து 75 ஆக்கினார். இந்த மருந்தில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஒரு வாரம் ஆகும். அதனால் அளவை மாற்றினால் ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்துத்தான் பரிசோதிக்க வேண்டும். முகம் வற்றியது. குரல் திரும்பியது. அதற்குள் அந்த டாக்டரம்மாவை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள்.

மறுபடி தனியார் டாக்டர். அவர் தைராய்டு மாத்திரை, இரும்பு மாத்திரை, கால்சியம் மாத்திரை மூன்றுக்கும் நேரே 'காலை' என்று எழுதினார். எழுதின மாதிரியே போட்டேன். டி.எஸ்.எச். 18க்கு ஏறியது. 100 ஆக்கினார். இறங்கவில்லை. 125 ஆக்கினார். இறங்கவில்லை. 150 எழுதும்போது சொன்னார்: "நீ ஒழுங்கா போடறதில்ல. உங்க ஆளுங்களுக்கு எத்தனை வாட்டி சொன்னாலும் ஏறாது." காலியான மாத்திரைப் பாட்டிலைக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவில்லை.

விஷயத்தைக் கண்டுபிடித்தது எங்கள் தெருவில் டி.ஃபார்ம் படித்து மருந்துக்கடையில் வேலை செய்கிற தம்பி. சீட்டைப் பார்த்ததுமே, "அக்கா, இரும்பும் கால்சியமும் தைராய்டு மாத்திரைய ரத்தத்துல சேர விடாது. நாலு மணி நேரம் தள்ளிப் போடணும்" என்றான். தள்ளிப் போட்டேன். இப்போது 150 முழுசாக உடம்பில் சேர்ந்தது. அது எனக்கு அதிகம். நெஞ்சு படபடத்தது, கை நடுங்கியது, தூக்கம் போனது. அதே டாக்டரிடம் போய்ச் சொன்னேன். "மனப்பயம்" என்று தூக்க மாத்திரை எழுதினார். முதலில் சோம்பேறி, பிறகு சொன்னால் ஏறாதவள், பிறகு பயந்தாங்கொள்ளி. நோய் என்று மட்டும் அவருக்குத் தோன்றவே இல்லை.

2016இல் பெரிய ஆஸ்பத்திரியின் சுரப்பி நோய்ப் பிரிவுக்குப் போனேன். டி.எஸ்.எச். 0.03. அங்கே ஒரு டாக்டர் என்னை எடை போட்டார். 58 கிலோ. சுரப்பி அறவே வேலை செய்யாதவர்களுக்குக் கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் என்பது பொதுக் கணக்கு. "தொண்ணூத்தி மூணு வருது, நூறுல வெச்சுப் பாப்போம்" என்றார். பிறகு கேட்டார்: "காலையில எத்தனை மணிக்கு எழுந்துக்கறீங்க? மொதல்ல என்ன குடிப்பீங்க?" நாலு மணிக்கு எழுந்தவுடன் டீ, ஐந்தரைக்கு வேலைக்கு வண்டி ஏறணும் என்றேன். வெறும் வயிற்றில் போட்டு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும் என்பது, சாவகாசமாக காபி குடிக்கிறவர்களுக்குத் தோதான விதி. அவர் மாற்றிக் கொடுத்தார்: "ஏழு மணிக்குச் சாப்ட்டுடறீங்களா? அப்ப படுக்கறப்ப பத்து மணிக்குப் போடுங்க. மூணு மணி நேரம் இடைவெளி போதும்." எட்டு வாரத்தில் 2.4க்கு வந்தது. ஐந்து வருஷம் அலைந்த அளவு, இரண்டு கேள்வியில் கிடைத்தது.

பிறகு இதைப் பற்றிப் படித்தேன். 1891இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரி என்கிற டாக்டர், இதே நோயில் கிடந்த ஒரு பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை ஊசியாகப் போட்டார். அந்த அம்மா அதற்கப்புறம் 28 வருஷம் உயிரோடிருந்தார். 1914இல் எட்வர்ட் கெண்டல் அமெரிக்காவில் தைராக்சினைத் தனியே பிரித்தெடுத்தார். ஆடு அறுக்கிற இடத்திலிருந்து வந்த வைத்தியம் இது. கறி வெட்டுகிறவன் கையைத் தீட்டு என்கிறவனும் இன்று இந்த வரலாற்றைத்தான் மாத்திரையாக விழுங்குகிறான்.

இப்போது எங்கள் தெருப் பெண்களோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். களைப்பு என்று சொன்னால் டி.எஸ்.எச். பார்க்கச் சொல்லிக் கேட்கிறோம். சீட்டில் இரும்பும் கால்சியமும் இருந்தால் எந்த நேரம் என்று கேட்கிறோம். எடை பார்த்தீர்களா என்று கேட்கிறோம். மாசமான பெண்ணாக இருந்தால் அளவைக் கூட்ட வேண்டிவரும், உடனே பரிசோதியுங்கள் என்கிறோம். "படிச்சது நீயா நானா?" என்று சில டாக்டர்கள் சத்தம் போடுகிறார்கள். சத்தம் போட்டுவிட்டுப் பரிசோதனைக்கு எழுதித் தருகிறார்கள். போன மாதம் ஒருவர் எங்கள் சித்தி ஒருத்தியின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். நாங்கள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.