ஆச்சி... கொஞ்சம் மேலே பாருங்க!

உங்க வீட்டுப் பெரியவங்க ஒருத்தரோட நல்ல போட்டோ ஒண்ணை இப்பவே எடுத்துக் காட்டுங்கனு சொன்னா, உங்களால முடியுமா பாஸ்? குரூப் போட்டோ கூடாது. கல்யாண ஆல்பத்துல ஓரமா பாதி தோள் தெரியறதும் கணக்குல வராது. தனியா, முகம் தெளிவா ஒரு போட்டோ.

எங்க வீட்ல முடியலை. தாத்தா இறந்த அன்னிக்கு அலமாரி, சூட்கேஸ் எல்லாம் தலைகீழாக் கவிழ்த்தும் ஒண்ணும் தேறலை. கடைசியில ஒரு கல்யாண போட்டோவிலிருந்து தாத்தாவை வெட்டி எடுத்து, பின்னால நீலக் கலர் அடிச்சு, அவர் வாழ்க்கையில போடாத கோட்டை மாட்டிவிட்டு ஸ்டுடியோக்காரர் ஒரு மணி நேரத்துல கொடுத்துட்டார். இப்பவும் ஹால்ல தொங்குது. உத்துப் பார்த்தீங்கன்னா, தாத்தாவோட இடது தோள் மேல யாரோ ஒருத்தரோட நாலு விரல் இருக்கும்!

அந்த நாலு விரலைப் பார்க்கும்போதெல்லாம் ஆச்சி சொல்றது ஒண்ணுதான். ''ஏல, எனக்கும் இப்படிப் பண்ணிராதியல. ரேஷன் கார்டு போட்டோவப் பெருசாக்கி மாட்டினியன்னா, மேல இருந்து வந்து கேப்பேன்.''

ஆச்சிக்குச் சொந்த ஊர் பாளையங்கோட்டை. இந்த ஜனவரியில கண்புரை ஆபரேஷனுக்காகச் சென்னைக்கு வந்தாங்க. வலது கண் முடிஞ்சது, இடது கண் பாக்கி. 'இதுதான் சான்ஸ்'னு ஹாஸ்டல் நண்பன்கிட்ட ஒரு பழைய கேமராவையும், 50 எம்.எம். லென்ஸையும் கடன் வாங்கிட்டேன்.

மொட்டை மாடியில மதியம் 12 மணிக்கு எடுத்தேன். உச்சி வெயில்ல புருவ நிழல் விழுந்து கண் இருக்கிற இடத்துல ரெண்டு கறுப்புப் பள்ளம். அதுவும் ஆபரேஷன் ஆன கண்ணு கூசுதுனு கறுப்புக் கண்ணாடியைக் கழட்டவே மாட்டேனுட்டாங்க. வீட்டுக்குள்ள ஃபிளாஷ் போட்டேன். நெத்தி மட்டும் எண்ணெய் தடவின மாதிரி பளபளத்துச்சு, கண்ணு ரெண்டும் இறுக மூடியிருந்தது. டியூப்லைட்ல முகம் பச்சை. ஒரே நாள்ல மூணு அரியர்!

அடுத்த வாரம் எழும்பூர்ல செக்கப். முடிச்சு வெளியே வந்ததும், ''பக்கத்துல பெரிய கோயில் இருக்குல்லா, ஒரு எட்டு போய்ட்டுப் போவோம்''னாங்க. நெல்லைப் பக்கத்து கிறிஸ்தவங்களுக்கு சர்ச்சும் கோயில்தான். அப்படிப் போனதுதான் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க்.

எழும்பூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துலதான் இருக்கு. நீங்களும் பஸ்ல நூறு தடவை தாண்டிப் போயிருப்பீங்க. 1818-ல ஆரம்பிச்சு 1821-ல வழிபாட்டுக்குத் திறந்த ஸ்காட்லாந்துக்காரங்க சர்ச். கட்டினவர் மேஜர் தாமஸ் டி ஹாவிலாண்ட்; நம்ம லைன்தான், ராணுவ இன்ஜினீயர். சதுப்பு நிலம்கிறதால வரிசையா கிணறுகளை இறக்கி, அதுமேல அஸ்திவாரம் போட்டிருக்கார். வெளியே லண்டன் செயின்ட் மார்ட்டின் சர்ச் சாயல்ல உயரமான கோபுரம். உள்ளே போனா, வட்டமான ஹால். சுத்தி 16 வெள்ளைத் தூண்கள். அதுக்கு மேல ஒரு குவிமாடம். அடர் நீலம். அதுல தங்க நட்சத்திரங்கள். வெளியே ஹாரன் சத்தம், உள்ளே ராத்திரி வானம்!

ஆபீஸ்ல அனுமதி கேட்டேன். 'ஃபிளாஷ் வேண்டாம், ஜெபம் பண்றவங்களைத் தொந்தரவு பண்ணாதீங்க'னு ரெண்டே கண்டிஷன். நீங்க எந்த வழிபாட்டு இடத்துக்குப் போனாலும் முதல்ல கேட்டுடுங்க, ப்ளீஸ். கேமராவை மறைச்சு வெச்சு எடுத்தா, அந்தத் திருட்டுத்தனம் எப்படியும் போட்டோவுல தெரிஞ்சுடும்.

சொதப்பல் நம்பர் ஒண்ணு, ஆச்சியை நேரா குவிமாடத்துக்கு நடுவுல உட்காரவெச்சேன். நட்சத்திரம் வேணும்கிற ஆசை. வந்தது இருட்டு முகம்தான். நம்ம கண்ணு அந்த மங்கல் வெளிச்சத்துக்குப் பழகிடும், கேமராவுக்கு அந்த சாமர்த்தியம் கிடையாது. அடுத்து, வெளிச்சம் எங்கே இருக்குனு பார்த்து, திறந்திருந்த ஒரு கதவுக்கு முன்னால நிறுத்தினேன். ஆச்சியோட நிழல் உருவம்தான் மிச்சம். கேமரா பின்னால இருந்த வெளிச்சத்தை அளந்துட்டு, முகத்தைக் கைவிட்டுடுச்சு.

அப்புறம்தான் மூளை வேலை செஞ்சது. கரன்ட் வர்றதுக்கு முந்தி ஸ்டுடியோ வெச்சிருந்தவங்க வடக்கு பார்த்த கண்ணாடிக் கூரைதான் போடுவாங்களாம். ஏன்னா, அங்கே ஐரோப்பாவுல வடக்குப் பக்கம் சூரியன் எட்டிப்பார்க்காது. வானத்தோட வெளிச்சம் மட்டும் மெத்துனு வரும். சென்னையில ஒரு சின்னச் சிக்கல். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் பாதி வரைக்கும் மதியச் சூரியன் நமக்கு வடக்கே போயிடும். ஆனா, அப்போ ஜனவரி. சூரியன் தெற்கே சாஞ்சிருந்தது. வடக்குப் பக்கக் கதவு சேஃப்!

ஆச்சியைக் கதவுக்கு நேரா நிறுத்தாம, பக்கவாட்டுல நாலடி உள்ளே தள்ளி உட்காரவெச்சேன். வெளிச்சம் இடது கன்னத்துல விழுந்து, மூக்கைத் தாண்டி, மெதுவா நிழலாச்சு. வலது பக்கம் இருட்டா இருக்கணுமே... இல்லை! கன்னத்துச் சுருக்கம்கூடத் தெரிஞ்சது. எப்படினு பார்த்தா, பக்கத்துல ஒரு வெள்ளைத் தூண். கதவு வெளிச்சம் அதுமேல பட்டுத் திரும்பி வந்து ஆச்சி மேல விழுந்துட்டு இருந்தது. ரிஃப்ளெக்டர்னு தெர்மாகோல் பிடிச்சு நிக்கிறோமே, இங்கே 200 வருஷமா நிக்குது! ஐ.எஸ்.ஓ. 800, எஃப் 2.8, ஷட்டர் 1/80 செகண்ட். மூச்சைப் பிடிச்சுட்டு எடுத்தேன்.

அந்த வெளிச்சத்துல கண்ணு கூசலை. கறுப்புக் கண்ணாடியை அவங்களே கழட்டி மடியில வெச்சுட்டாங்க. ஆனா, முகம் விறைச்சிடுச்சு. சேலையை இழுத்துவிட்டு, ரெண்டு கையையும் முட்டி மேல வெச்சு அசல் பாஸ்போர்ட் போஸ். 'சிரிங்க ஆச்சி'னு சொன்னா இன்னும் மோசமாச்சு. என்ன பண்றதுனு தெரியாம, ''ஆச்சி, கொஞ்சம் மேலே பாருங்க''னேன்.

பார்த்தாங்க. அப்புறம் என்னை மறந்தே போயிட்டாங்க. உள்ளங்கையால வலது கண்ணைப் பொத்தினாங்க. எடுத்துட்டு இடது கண்ணைப் பொத்தினாங்க. மறுபடியும் மாத்தினாங்க.

''ஏல, இந்தக் கண்ணுல பாத்தா அழுக்கா தேயிலைத் தண்ணி ஊத்தின மாதிரி இருக்கு. இந்தக் கண்ணுல பாத்தா என்னா நீலம்ல! இவ்ளோ நாளா நான் நீலம்னு எதப் பாத்துட்டு இருந்தேன்?''

விஷயம் இதுதான். கண்புரை வந்தா லென்ஸ் மெள்ள மெள்ளப் பழுப்பாகி, நீல வெளிச்சத்தைத் தடுத்துடும். ஒவ்வொரு நாளும் துளித்துளியா நடக்கிறதால தெரியவே தெரியாது. பழைய லென்ஸை எடுத்ததும் நீலம் திரும்ப வந்துடும். ஓவியர் கிளாட் மோனேவுக்கு 1923-ல கண்புரை ஆபரேஷன் நடந்தப்போ அவருக்கும் கலரெல்லாம் மாறிப்போச்சு. ஒரு கண் பழசு, ஒரு கண் புதுசுனு எங்க ஆச்சி மாதிரி நிக்கிறவங்களுக்கு மட்டும்தான் ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்க்கிற பாக்கியம்.

இடது கண்ணைப் பொத்திக்கிட்டு, வாய் லேசாத் திறந்து, நட்சத்திரம் எண்ற மாதிரி ஆச்சி. ஒரே ஒரு கிளிக். வலது கண்ணுல கதவு சின்னதா வெள்ளைக் கட்டமா மின்னுது. தாத்தாவுக்குப் பிறகு அவங்களை அப்படி ஒரு முகத்தோட நான் பார்த்ததே இல்லை.

பிரின்ட் போட்டுக் கொடுத்தேன், ரெண்டையும். பாஸ்போர்ட் போஸை ஆச்சி ரொம்ப நேரம் பார்த்தாங்க. ''இது லட்சணமா இருக்கு. இதை ஃபிரேம் போட்டுரு.'' அடுத்ததைத் தள்ளிப் பிடிச்சு, ''இது என்னல, டாக்டர் கண்ணு டெஸ்ட் பண்ணுத மாதிரி? மாட்டினா ஊரு சிரிக்கும். நீயே வெச்சுக்க''னுட்டாங்க. எனக்கு வருத்தம்தான். ஆனா, போட்டோ அவங்களோடது இல்லையா!

ஃபிரேம் போட்டதை ரெண்டு சேலைக்கு நடுவுல சுத்தி ஊருக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க. செவத்துல மாட்டலையாம், பீரோவுல இருக்காம். 'எங்கே இருக்குனு உங்கம்மாட்ட சொல்லிட்டேன்'னு போன்ல சொன்னாங்க. கண்ணைப் பொத்தின போட்டோ என் ஹாஸ்டல் ரூம் கதவுக்குப் பின்னால இருக்கு.

இடது கண்ணுக்கு ஜூன்ல வரச் சொல்லியிருக்காங்க. அப்போ சூரியன் வடக்கே இருக்கும். கதவை மாத்தணும்.