வந்துபோகிறவர்களின் ஊழியம்

மலை ஏறுவதற்கு முந்தின இரவு எல்லாருடைய பையையும் திறக்கச் சொல்வது என் வழக்கம். மிட்டாய்ப் பொட்டலம், பலூன், போட்டுக் கழித்த துணிமணி எல்லாம் அடிவாரத்து மிஷன் வீட்டிலேயே நின்றுவிடும். தண்ணீர் பாட்டில், டார்ச் லைட், கொசுவலை, ஒரு நோட்டு, வேதாகமம்: மேலே கொண்டுபோக இவ்வளவு போதும். "ஆசையா வாங்கிட்டு வந்தோமே அக்கா" என்று முகம் வாடுகிற பிள்ளைகள் ஒவ்வொரு குழுவிலும் உண்டு. அவர்களை அதட்டிப் பயனில்லை, உட்காரவைத்துக் காரணம் சொல்ல வேண்டும். குறுகியகாலப் பணித்தளப் பயணத்தில் படிக்க வேண்டியதில் பாதி அந்தக் காரணத்துக்குள்தான் இருக்கிறது.

நாம் வந்துபோகிறவர்கள். அங்கே இருக்கப் போகிறவர் மிஷனெரி அண்ணன். இன்றைக்கு நாம் மிட்டாய் கொடுத்தால், அடுத்த வாரம் அவர் ஏறி வரும்போது பிள்ளைகள் அவர் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், கையைப் பார்ப்பார்கள். பொருள் கொடுத்து ஆள் சேர்க்கிறார்கள் என்று யாராவது ஒரு வார்த்தை சொன்னால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். நாங்கள் ஏறும் மலை இருக்கும் ஜார்க்கண்டில் 2017-இல் வந்த மதச் சுதந்திரச் சட்டம் வற்புறுத்தியும் ஆசை காட்டியும் ஏமாற்றியும் மதம் மாற்றுவதைத் தடை செய்கிறது. மாற்றப்பட்டவர் பழங்குடியினரானால் தண்டனை கூடும். நம் மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு உரிமை தருகிறது. ஆனால் பரப்பும் உரிமை இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1977-இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. இந்த வரம்பு எனக்கு ஒருநாளும் பாரமாக இருந்ததில்லை. மனந்திரும்புதல் ஆவியானவருடைய கிரியை என்று நான் விசுவாசிக்கிறேன். மிட்டாயைக் கொடுத்து அவருடைய வேலையை நான் செய்ய முடியாது.

நாங்கள் போவது ராஜமகால் மலைக்கு. ஹவுரா வரை ஒரு ரயில், அங்கிருந்து சாகிப்கஞ்சுக்கு இன்னொன்று. கிழக்கே ஓடிவரும் கங்கை இந்த மலையைச் சுற்றித் தெற்கே திரும்புகிறது. எரிமலைக் குழம்பு உறைந்த கருங்கல் மலை இது. அதனாலேயே அடிவாரமெங்கும் கல்குவாரிகளும் கிரஷர்களும். சமவெளியிலும் சரிவிலும் சந்தால் மக்கள் குடியிருக்கிறார்கள். மேலே, உச்சியை ஒட்டிய ஊர்களில் பகாரியா மக்கள். மரத்தை வெட்டிச் சுட்டு, சாம்பலில் மக்காச்சோளமும் காராமணியும் விதைப்பார்கள். தண்ணீருக்குப் பெண்கள் குடத்தோடு ஊற்றுவரைக்கும் இறங்கி ஏற வேண்டும். அவர்கள் பேசும் மால்தோ திராவிட மொழிகளில் ஒன்று என்பதைப் பிள்ளைகளுக்கு ரயிலிலேயே சொல்லிவிடுவேன். தமிழ் தெரிந்தால் புரிந்துவிடும் என்று இல்லை, ஒன்றுமே புரியாது. ஆனாலும் முற்றிலும் அந்நியரிடம் போகிறோம் என்ற எண்ணம் கொஞ்சம் கரையும்.

இந்த மலைக்கு நாம் முதலில் வந்தவர்களும் அல்ல. சி.எம்.எஸ். என்ற சர்ச் மிஷனெரி சங்கத்தைச் சேர்ந்த எர்னஸ்ட் ட்ரோசி இந்த மக்களிடையே வேலை செய்து, 1884-இல் மால்தோ மொழிக்கு இலக்கண நூல் எழுதினார். திருநெல்வேலிச் சீமையில் நம் கோயில்களையும் பள்ளிக்கூடங்களையும் எழுப்பிய அதே சங்கம்தான். 1903-இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது, வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா அதன் முன்னணியில் நின்றார். பிறகு அவரே தோர்ணக்கல்லுக்குப் போனார், தெலுங்கு படித்தார், 1912-இல் அங்கே பேராயர் ஆனார். அவர் 1910-இல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில் பேசியதைப் பயணத்துக்கு முன் நான் கட்டாயம் சொல்வேன். வெளிநாட்டு மிஷனெரிகளின் தியாகங்களுக்கு நன்றி சொல்லிவிட்டு, அதற்கும் மேலாக அவர்களிடம் நட்பைக் கேட்டார். கேட்டது ஓர் இந்தியர், கேட்கப்பட்டவர்கள் வெள்ளைக்காரர்கள். இன்றைக்கு மலை ஏறும்போது அந்தக் கேள்வி நம்மை நோக்கித் திரும்பிவிடுகிறது. படித்தவர்கள் நாம், ரயில் டிக்கெட் எடுக்கக் காசுள்ளவர்கள் நாம், கேமரா வைத்திருப்பவர்களும் நாம்.

ஊழிய நாள் விடியுமுன்னே தொடங்கும். அமைதி வேளை, கூடி ஜெபம், கடுங்காப்பி. வெயில் ஏறுமுன் பாதி மலையாவது ஏறிவிட வேண்டும். மிஷனெரி அண்ணன் முன்னால் நடப்பார். தென் மாவட்டத்துக்காரர், கல்யாணமான புதிதில் மனைவியோடு வந்தவர், பிள்ளைகள் இங்கேதான் பிறந்தார்கள். வழியில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாரிடமும் நின்று மால்தோவில் இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் நகருவார். அந்த நிற்றலைக் கவனிக்கும்படி பிள்ளைகளிடம் சொல்வேன். யார் மாடு தொலைந்தது, யார் மகள் புருஷன் வீட்டிலிருந்து வந்துவிட்டாள், யார் வட்டிக்காரனிடம் மாட்டியிருக்கிறார், எல்லாம் அவருக்குத் தெரியும். நாம் மேலே போய்ப் பேசப்போகும் அரைமணி நேரப் பேச்சு, இந்த விசாரிப்பின் மேல் நின்றால்தான் நிற்கும்.

ஊருக்குள் நுழைந்ததும் முதலில் மாஞ்சியைப் பார்ப்போம். மாஞ்சி என்றால் ஊர்த்தலைவர். அவர் உட்காரச் சொன்னால் உட்காருவோம். "இன்றைக்கு வேண்டாம், ஊரில் ஒரு காரியம் இருக்கிறது" என்றால் வணங்கிவிட்டு இறங்கிவிடுவோம். அப்படி இறங்கும் நாளில் பிள்ளைகள் சோர்ந்துபோவார்கள், இரண்டு நாள் ரயிலில் வந்தது இதற்கா என்று. அந்த ஊருக்கு மறுக்கவும் உரிமை உண்டு என்பதை நேரில் காணும் பிள்ளை, சம்மதம் கிடைக்கும் ஊரில் இன்னும் பணிவாகப் பேசும். சூரியனைக் கும்பிட்டு, முன்னோருக்குப் பலி கொடுத்து வாழ்ந்துவந்த மக்கள் அவர்கள். அந்த நம்பிக்கையைக் கேலி செய்யும் ஒரு சொல்லும் நம் வாயிலிருந்து வரக்கூடாது. பலிபீடக் கல்லைப் படம் எடுக்கவும் கூடாது. என் ஆண்டவரை உயர்த்திச் சொல்ல இன்னொருவர் தகப்பனைத் தாழ்த்த வேண்டியதில்லை.

சம்மதம் கிடைத்ததும் ஆண்பிள்ளைகள் அண்ணனோடு மரத்தடிக்குப் போவார்கள். நானும் பெண்பிள்ளைகளும் வீடுகளுக்குள் போவோம். மண்சுவர், கூரையில் விதைக்காகக் கட்டித் தொங்கவிட்ட மக்காச்சோளக் கதிர்கள், அடுப்புப் புகை. அங்கே உடனே பேசத் தொடங்கக் கூடாது. காராமணி உரித்துக்கொண்டிருந்தால் நாமும் உரிக்கலாம். கைக்குழந்தை அழுதால் வாங்கி வைத்துக்கொள்ளலாம். வேலை செய்யும் கையைப் பார்த்த பிறகுதான் பெண்கள் முகத்தை நிமிர்ந்து பார்க்கிறார்கள். மிஷனெரி அண்ணனின் மனைவி எங்களுக்கு மொழிபெயர்ப்பார். தமிழிலிருந்து நேரே மால்தோவுக்குப் போகும், நடுவில் இந்தி தேவைப்படாது. இது பெரிய கொடை, ஆனால் அதற்கேற்பப் பேசத் தெரிய வேண்டும். "எழுந்து, போய், பார்த்து, கேட்டு" என்று எச்சங்களை அடுக்கிக்கொண்டே போனால், வினைமுற்று வரும்வரை மொழிபெயர்க்கும் அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஆகவே சின்ன வாக்கியம், முற்றோடு முடித்துவிட்டு நிறுத்தம். பிரசங்கத்தில் பழகிய பெரிய சொற்கள் எதுவும் வேண்டாம். கதை சொன்னால் போதும். எழுத்துக்கு முன்பே கதையால் வாழ்ந்த சமூகம் அது, நம்மைவிட நன்றாகக் கதை கேட்கத் தெரிந்தவர்கள்.

பன்னிரண்டு வருஷம் பெரும்பாடுள்ள ஸ்திரீயின் கதையைத்தான் அடுப்படியில் நான் அதிகம் சொல்வேன். கையிலிருந்ததையெல்லாம் வைத்தியருக்குக் கொடுத்தும் குணமாகாதவள், கூட்டத்துக்குள் பின்னாலிருந்து வந்து இயேசுவின் வஸ்திரத்தைத் தொட்டவள். நோய்க்காகக் கோழியும் ஆடும் கடனுமாகக் கரைந்துபோன வீடுகளில் இதற்கு விளக்கவுரை தேவையில்லை. ஒருமுறை கதை முடியுமுன்னே ஒரு வயதான அம்மா கேட்டார்: அந்தப் பன்னிரண்டு வருஷமும் அவள் புருஷன் அவளை வீட்டில் வைத்திருந்தானா? எங்கள் குழுவிலிருந்த பெண் என்னைப் பார்த்தாள். வேதத்தில் அது எழுதவில்லை என்று உள்ளதைச் சொன்னேன். "வைத்திருக்க மாட்டான்" என்று இன்னொருத்தி சொன்னாள். அதன்பின் பேச்சு அவர்களுடையதாகிவிட்டது. யார் யாரை விட்டுப்போனார்கள், எந்த நோய்க்கு யாரும் பக்கத்தில் வரவில்லை என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனார்கள். மொழிபெயர்க்கும் அக்கா பாதியை எங்களுக்குச் சொல்லவில்லை, சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. கடைசியில் அந்த அம்மாவே கேட்டார், இயேசு அவளை என்ன சொல்லிக் கூப்பிட்டார் என்று. மகளே என்று கூப்பிட்டார் என்றோம். நாங்கள் சுமந்து வந்த சுவிசேஷம் முழுவதும் அந்தப் பதிலில் இருந்தது. அந்த அம்மா கேட்டதால் சொன்னோம். கேளாத காதில் அதே வார்த்தையை ஒலிபெருக்கி வைத்துச் சொன்னாலும் அது அவ்வளவு தூரம் போயிருக்காது.

வியாதியஸ்தருக்காக ஜெபிக்கச் சொல்லி ஏதாவது ஒரு வீட்டில் கூப்பிடுவார்கள். இங்கேதான் இளம்பிள்ளைகளை நான் மிகவும் கவனமாக நடத்துகிறேன். கேட்டு அனுமதி வாங்கி, பெண்ணுக்குப் பெண் கைவைத்து, மெதுவான குரலில், சுருக்கமாக ஜெபிக்க வேண்டும். எழுந்து நட என்று கட்டளையிடக் கூடாது. மருந்தை நிறுத்தச் சொல்வதோ மகா பாவம். ஜெபம் முடிந்ததும் காய்ச்சல் எத்தனை நாளாக என்று கேட்பேன். இரண்டு வாரத்துக்கு மேல் என்றால், வயிறு வீங்கி உடம்பு மெலிந்திருந்தால், காலா அசாரா என்று பார்த்தாக வேண்டும். ஜார்க்கண்டில் சாகிப்கஞ்சு, பாகூர், தும்கா, கொட்டா மாவட்டங்களில்தான் அந்நோய் வேர்விட்டிருந்தது. மண்சுவர் வெடிப்பில் ஒளிந்திருக்கும் மணல் ஈ கடித்துப் பரவுவது. கவனிக்காமல் விட்டால் உயிரைக் கொண்டுபோய்விடும். விரல்நுனி ரத்தத்தை ஒரு பட்டையில் வைத்துச் சோதிக்கலாம். 2014 முதல் அரசுத் திட்டத்தில் ஒரே தவணையாக நரம்பில் ஏற்றும் மருந்து வந்துவிட்டது. ஆகவே ஜெபித்த வீட்டின் அடையாளம் நோட்டில் ஏறும், நோயாளியைக் கட்டிலோடு கீழே தூக்கிப்போக ஊரில் யார் வருவார்கள் என்ற பேச்சு அங்கேயே தொடங்கும். குணமாக்குகிறவர் கர்த்தர் என்பதில் எனக்கு அணுவளவும் சந்தேகம் இல்லை. அவர் அந்த மருந்தின் வழியாகவும் குணமாக்குகிறார்.

மாலையில் எல்லாரும் கூடும்போது ஊர்க்காரர்களே மேளம் எடுப்பார்கள். அங்குள்ள விசுவாசிகள் தங்கள் மெட்டில் பாடுவார்கள், நாங்கள் கைதட்டிக் கூடவே இழுபடுவோம். எங்களில் ஒருவர் சாட்சி சொல்லுவார், அவ்வளவுதான். இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்கள் கை உயர்த்துங்கள் என்று கேட்பதை எங்கள் குழுவில் அனுமதிப்பதில்லை. விருந்தாளி முகம் கோணக்கூடாது என்பதற்காக உயரும் கைகள் எத்தனையோ. தெற்கிலிருந்து இவ்வளவு தூரம் வந்தவர்கள் கேட்கிறார்களே என்ற மரியாதையில் ஊரே கை உயர்த்தலாம். அந்த எண்ணிக்கை நம் சபை அறிக்கையில் அழகாக இருக்கும், ஆனால் அது அந்த மக்களுக்கும் ஆண்டவருக்கும் நாம் செய்யும் துரோகம். ஒருவர் இந்த வழியில் நடக்கத் தீர்மானித்தால் அவருக்கு வீட்டில் என்ன பேச்சு வரும், பண்டிகை நாளில் எங்கே நிற்பார், மகளைப் பெண் கேட்டு யார் வருவார்கள் என்பதெல்லாம் கூடவே வரும். அந்த நாட்களில் அவர் பக்கத்தில் இருக்க முடிந்தவர்தான் அந்தக் கேள்வியைக் கேட்கலாம்.

இரவு கீழே இறங்கியபின் நோட்டுகளை நடுவில் வைத்து உட்காருவோம். எந்த வீட்டில் என்ன கேட்டார்கள், யாருக்குக் காய்ச்சல், யார் மறுபடி வரச் சொன்னார்கள் என்று பிள்ளைகள் வாசிக்க வாசிக்க மிஷனெரி அண்ணன் கேட்டுக்கொண்டிருப்பார். எங்கள் படங்களையோ பேச்சையோ பற்றி அவர் கேட்பதே இல்லை. சென்ற பயணத்தில் ஒரு தம்பி, மலைவிளிம்பில் தனி வீட்டில் இருக்கும் ஒரு மனிதர் கடைசிவரை ஒரு வார்த்தையும் பேசாமல் கதையை மட்டும் கேட்டார் என்று வாசித்தான். "அவரா உட்கார்ந்து கேட்டாரு?" என்று அண்ணன் நிமிர்ந்தார். அந்த வீட்டு வாசலில் அண்ணனை இதுவரை உட்காரச் சொன்னதில்லையாம். "சந்தை அன்னிக்குக் காராமணி விக்கக் கீழ வருவாரு. மூட்டை இறக்க ஆள் வேணும். நான் போய் நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, அடுத்த வீட்டை வாசிக்கச் சொன்னார்.