ஊக்கு, சில்லறை, சாதிச் சான்றிதழ்

கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கும் நேரத்தில்தான் இந்தக் கேள்வி வருகிறது. மேடை இருக்கும்போது யாரும் கேட்பதில்லை. கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, "சேலை கட்டிக்கிட்டு வெளிய போனா போலீஸ் பிடிக்குமாண்ணா?" என்கிறார். கடந்த சில ஆண்டுகளில் இப்படிக் கேட்டவர்கள் ஒருவர் இருவர் அல்ல.

சட்டத்தில் இதற்குப் பதில் சுருக்கமானது. ஆண் சேலை கட்டுவதையோ பெண் வேட்டி கட்டுவதையோ குற்றம் என்று சொல்லும் சட்டம் இன்று இந்தியாவில் இல்லை. 2014 ஏப்ரல் 15 அன்று நால்சா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒருவர் தன் பாலினத்தை உடையின் வழியாக வெளிப்படுத்துவதும் கருத்துரிமைக்குள் அடங்கும் என்று தீர்ப்பளித்துவிட்டது. ஆனால் கேட்ட தம்பிக்கு வேண்டியது இந்தத் தீர்ப்பு மட்டுமல்ல. ராத்திரி பத்தரை மணிக்குப் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது வண்டி ஒன்று வந்து பக்கத்தில் நின்றால் என்ன செய்வது என்பதுதான் அவர் கேள்வி. எங்களுக்குத் தெரிந்ததை எழுதுகிறோம்.

நாங்கள் ஏழு பேர். ஏழு பேருமே சேரியில் பிறந்தவர்கள். சென்னையில் படிக்கவும் வேலை பார்க்கவும் வந்தவர்கள். எங்களில் ஒருவர் தன்னைக் கோத்தி என்று சொல்லிக்கொள்கிறார். இருவர் என்றாவது திருநங்கையாக வாழ்வோமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். மற்றவர்கள் எந்தப் பெயரும் வைத்துக்கொள்ளவில்லை. மாதத்தில் ஓரிரு சனிக்கிழமை சேலையோ சுடிதாரோ உடுத்தி வெளியே போகிறோம், டீ குடிக்கிறோம், கடற்கரையில் உட்காருகிறோம், திரும்பி வருகிறோம். அவ்வளவுதான். அந்த "திரும்பி வருகிறோம்" என்பதற்குத்தான் இவ்வளவு ஏற்பாடு.

இணையத்தில் இதற்கு ஆங்கிலத்தில் நிறைய அறிவுரை கிடைக்கிறது. எல்லாம் காரில் தொடங்குகிறது. காரில் மாற்றுடை வையுங்கள், காரைப் பூட்டிக்கொள்ளுங்கள், ஓட்டல் அறையில் உடை மாற்றுங்கள் என்கிறார்கள். எங்களில் யாருக்கும் கார் இல்லை. விடுதி அறையில் நான்கு பேர் படுக்கிறோம். வாடகை வீட்டில் இருப்பவருக்கு, படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் வீட்டுக்காரரைத் தாண்டுவதுதான் முதல் கண்டம்.

எங்களுக்கு உடை மாற்ற இடம் கொடுப்பவர் வட சென்னையில் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் இருக்கும் ஒரு திருநங்கை. அம்மா என்றுதான் கூப்பிடுவோம். காசு வாங்கமாட்டார், திட்டுவார். "கண்ணு, நீங்க ராத்திரி கழட்டி வச்சிட்டு காலைல ஆம்பளையா ஆபீஸ் போயிடுவீங்க. நான் கழட்ட முடியாது. தெருவுல நீங்க ஏதாவது பண்ணிட்டு வந்தா, நாளைக்கு அதே தெருவுல அடி எனக்கு." இதற்கு எங்களிடம் பதில் இல்லை. அவர் குடியிருக்கும் தெருவில் யாருடனும் சண்டைக்கு நிற்பதில்லை என்பதை மட்டும் விதியாக வைத்திருக்கிறோம்.

பயணத்தைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை, திருநங்கைகளுக்கும் இல்லை. நடத்துனர் சேலையைப் பார்த்ததும் கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துவிடுவார். பரிசோதகர் ஏறி, பெயரும் அட்டையும் கேட்டால் சிக்கல். ஆகவே நோட்டை முதலிலேயே நீட்டிவிடுவோம். ஒரு நடத்துனர் பணத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "வச்சிக்கம்மா" என்று சீட்டை மட்டும் கையில் திணித்தார். அன்று வழியெல்லாம் அதைப் பேசியே சிரித்தோம்.

மின்சார ரயில் இன்னும் சிரமம். பெண்கள் பெட்டியில் ஏறினால் ரயில்வே சட்டத்தின் 162ஆம் பிரிவு இருக்கிறது, ஆண் என்று வழக்குப் போடலாம். பொதுப் பெட்டியில் ஏறினால் கைகள் இருக்கின்றன. மெட்ரோவில் வாசலிலேயே சோதனை, ஆணுக்கு ஒரு வரிசை, பெண்ணுக்குத் திரை மறைத்த ஒரு இடம். சேலை கட்டினால் பெண்ணுக்கு உள்ள ஆபத்து முழுதாக வந்து சேர்கிறது, பெண்ணுக்கு உள்ள பாதுகாப்பு வந்து சேர்வதில்லை. நாங்கள் பெரும்பாலும் பேருந்து, திரும்பும்போது தெரிந்த ஆட்டோ. ஆட்டோ அண்ணனிடம் முதல் நாளே பேசிவிடுவோம். உடை மாற்றிய பிறகு எங்களைப் பார்த்து அவர் திடுக்கிடக் கூடாது, அவ்வளவுதான்.

கழிவறைக்கு எங்களிடம் தீர்வு இல்லை. தண்ணீர் குறைத்துக் குடித்து மயங்கி விழுந்தவர் எங்களில் உண்டு. அப்படிச் செய்யாதீர்கள். நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், மூன்று மணி நேரத்துக்குள் திரும்புங்கள்.

முதல் தடவை சேலை வேண்டாம், சுடிதார் போதும். சுடிதாரில் ஓடலாம். சேலைதான் என்றால் ஊக்கு நிறைய குத்திக்கொள்ளுங்கள், தட்டைச் செருப்பு போடுங்கள். பையில் ஒரு சட்டை, ஒரு லுங்கி, கொஞ்சம் பஞ்சு, சிறு புட்டியில் தேங்காய் எண்ணெய். முகப்பூச்சை எண்ணெய்தான் சீக்கிரம் எடுக்கும். சில்லறையாக 500 ரூபாய். கைபேசியை விரல்ரேகையில் திறக்கும்படி வைக்காதீர்கள், விரலைப் பிடித்து அழுத்திவிடுவார்கள். எண் பூட்டு போடுங்கள். இரண்டு தொலைபேசி எண்களைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கைபேசி போனால் எண்ணும் போய்விடும். செயலியில் பழகியவரைப் பார்க்க உடுத்திக்கொண்டு தனியாகப் போகவே போகாதீர்கள். படம் எடுத்து, "உங்க ஊரு குரூப்புக்கு அனுப்பட்டுமா?" என்று பணம் பறிக்கும் கும்பல்கள் இருக்கின்றன. ஊரில் அந்தப் படம் போனால் முதலில் தொலைபேசி செய்ய உங்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று முன்னாலேயே யோசித்து வையுங்கள். அக்காவோ சித்தப்பா மகனோ, ஒருவர் போதும்.

பிறகு, சாதிச் சான்றிதழின் நகல். இதைக் கேட்டுச் சிலர் சிரிக்கிறார்கள். சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் 1987இன் 12ஆம் பிரிவுப்படி பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இலவசச் சட்ட உதவி உண்டு, அதற்கு வருமான வரம்பு பார்க்கத் தேவையில்லை. எண் 15100. காவலில் இருப்பவருக்கும் அந்த உரிமை உண்டு. சட்டம் படிப்பவர்களுக்குக்கூட இது நினைவுக்கு வருவதில்லை.

நகல் வைத்துக்கொள்ள இன்னொரு காரணமும் இருக்கிறது. எங்களில் இருவர் ஓரிரவு பேருந்துக்கு நின்றார்கள். ரோந்து வண்டி வந்தது. பெயர் கேட்டார்கள், சொன்னார்கள். என்ன வேலை, எங்கே தங்கல், எல்லாம் கேட்டார்கள். அடுத்து, "சொந்த ஊரு?" சொன்னார்கள். "ஊர்ல எந்தப் பக்கம்?" இந்தக் கேள்வி எதற்கு என்று நம் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. "காலனியா? உங்களுக்கெல்லாம் இது ஒண்ணுதான் கொறச்சல்." அதுவரை சேலைக்காக நின்றவர்கள், அந்த நொடியிலிருந்து சாதிக்காகவும் நின்றார்கள்.

ஒத்திகை பார்த்தது உதவியது. ஒருவர் மட்டும்தான் பேச வேண்டும், மற்றவர் அழைக்க வேண்டும். ஒவ்வொரு சனிக்கிழமையும் எங்களில் ஒருவர் உடுத்தாமல் வீட்டில் இருப்பார். அவர் வேலையே தொலைபேசியை எடுப்பதுதான். மணிக்கு ஒருமுறை செய்தி போக வேண்டும். "மாவு வாங்கிட்டியா?" என்று செய்தி வந்தால் ஆபத்து என்று பொருள். அன்று அந்தச் செய்தி போனது. வீட்டில் இருந்தவர் எங்களுக்குத் தெரிந்த வழக்கறிஞர் அக்காவை இணைப்பில் கொண்டுவந்தார். அக்கா சத்தம் போடவில்லை. "சார் வணக்கம், எந்த வழக்குல விசாரிக்கிறீங்கன்னு சொன்னீங்கன்னா நான் நேர்ல வந்துடுறேன்" என்று அதையே மூன்று தடவை சொன்னார். இருபது நிமிடத்தில் விட்டுவிட்டார்கள். விடுவதற்கு முன் ஒருவரை அவருடைய முந்தானையாலேயே உதட்டுச் சாயத்தைத் துடைக்க வைத்தார்கள். தலையிலிருந்த சவுரியைப் பிடுங்கிச் சாக்கடையோரம் எறிந்தார்கள். தப்பித்துவிட்டோம் என்று மற்றவர்கள் சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவை எடுத்துப் படியுங்கள். 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அதில் ஓர் உட்பிரிவு இருக்கிறது. பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவரின் உடையை வலுக்கட்டாயமாகக் களைவது, தலையை மழிப்பது, மீசையை எடுப்பது, முகத்தில் உடம்பில் சாயம் பூசுவது, இவை போன்று மனித மாண்பைக் குலைக்கும் செயல்கள் எல்லாம் குற்றம். மீசை வைத்ததற்காக நம் பையன்களை அடிப்பவர்களை மனதில் வைத்து எழுதிய பிரிவு போலத்தான் தெரியும். ஆனால் சவுரியைப் பிடுங்கியதும் அதற்குள் வரும் என்றுதான் அக்கா சொல்கிறார். 2022இல் தமிழ்நாட்டுக் காவலர் நடத்தை விதிகளில் 24-சி என்று ஒரு விதியும் சேர்ந்திருக்கிறது, பால்புதுமையினரைக் காவலர் துன்புறுத்தக் கூடாது என்று. அதிலேயே, சட்டப்படி விசாரிப்பது துன்புறுத்தல் ஆகாது என்றும் இருக்கிறது. "விசாரணைதான் பண்ணினோம்" என்று சொல்ல இடம் இருக்கிறது என்று அர்த்தம்.

உடுத்துவதற்காக நம்மை அடிப்பது இன்று தொடங்கியதா என்ன? 1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது, சட்டை போடக் கூடாது, முடி வெட்டக் கூடாது, குடையும் செருப்பும் கூடாது, பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போடக் கூடாது, பூ வைக்கக் கூடாது. நம் பாட்டிகளுக்கு மறுத்த ரவிக்கையையும் பூவையும்தான் பேரன்கள் எடுத்து அணிந்துகொண்டிருக்கிறோம். அதற்கும் முன்னால், 1871இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தைப் பாருங்கள். அதன் முதல் பகுதி முழுச் சமூகங்களைப் பிறவிக் குற்றவாளிகள் என்று பட்டியல் போட்டது. இரண்டாம் பகுதி, பதிவேட்டில் ஏற்றப்பட்ட அலிகள் என்று அது குறித்தவர்கள் பெண்போல் உடுத்தித் தெருவில் வந்தால் பிடியாணை இல்லாமல் கைது செய்யலாம், இரண்டு ஆண்டு வரை சிறை என்றது. வட இந்தியாவில்தான் அந்த இரண்டாம் பகுதியை நடைமுறைப்படுத்தினார்கள். ஆனால் ஒரே சட்டத்துக்குள் இரண்டு பேரையும் ஏன் அடைத்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இயக்கத்துக்குள்ளேயே எங்களுக்கு எதிர்ப்பு இருப்பதையும் மறைக்கத் தேவையில்லை. "பாபாசாகேப் கோட்டு போட்டுக் காட்டினார், நீங்க சேலை கட்டி மானத்தை வாங்குறீங்க" என்றார் ஒரு மூத்த தோழர். அதே பாபாசாகேப் 1927 டிசம்பரில் மகாடில் கூடியிருந்த பெண்களிடம், தீண்டத்தகாதவர் என்று காட்டிக்கொடுக்கும் விதமாகச் சேலை கட்டுவதை விடுங்கள், சாதி இந்துப் பெண்கள் கட்டுவதுபோல் கட்டுங்கள் என்று பேசியதை அவருக்கு நினைவூட்டினோம். உடை அவருக்குச் சின்ன விஷயமாக இருக்கவில்லை. தோழர் இன்னும் சமாதானமாகவில்லை. கூட்டத்துக்கு நாற்காலி போட மட்டும் எங்களைக் கூப்பிடுகிறார்.

எங்களில் ஒருவருடைய அப்பா தெருக்கூத்தில் பெண் வேடம் கட்டியவர். மகன் விஷயம் தெரிந்தபோது அவர் சொன்னது: "ராத்திரி முழுக்கச் சேலையில நின்னேன், திரௌபதின்னு கும்பிட்டானுங்க. விடிஞ்சதும் அதே ஊரு டீக்கடையில எனக்குத் தனி கிளாஸ்." குலசேகரன்பட்டினம் தசராவிலும் ஆண்கள் நேர்த்திக்கடனுக்குப் பெண் வேடமிட்டு வீதி வீதியாகப் போகிறார்கள், கும்பிட்டுக் காணிக்கை போடுகிறார்கள். சாமி பெயரைச் சொன்னால் ஆகும். எனக்குப் பிடித்திருக்கிறது என்றால் ஆகாது.

அந்த இரவு நடந்ததை அன்றே எழுதினோம். நேரம், இடம், வண்டி எண், சட்டையில் இருந்த பெயர், சொன்ன வார்த்தைகள், யார் யார் பார்த்தார்கள் என்று இரண்டு பக்கம். இதை நீங்களும் அன்றிரவே செய்யுங்கள், தூங்கி எழுந்தால் வார்த்தைகள் மாறிவிடும். ஆனால் புகார் கொடுக்கவில்லை. வழக்கு என்றால் சம்மன் ஊருக்குப் போகும், பெயர் செய்தித்தாளில் வரலாம், அவர் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்று எங்களில் மூன்று பேர் வாதாடினோம். முந்தானையால் துடைத்தவர் வேண்டாம் என்றார். முடிவெடுக்க வேண்டியவர் அவர்தான். அந்தத் தாள் வழக்கறிஞர் அக்காவின் கோப்பில் இருக்கிறது, அவர் எப்போது கேட்டாலும் எடுக்கலாம். இரண்டு மாதம் அவர் வரவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை வந்தார், "இன்னிக்கு நான் வீட்ல இருக்கேன், போன் நான் எடுக்குறேன்" என்றார்.

அந்த வேலைக்குத்தான் எங்களுக்கு ஆள் போதவில்லை. இரவு பத்து மணிக்குமேல் தொலைபேசியை எடுக்கக்கூடியவர்கள், காவலரிடம் பதறாமல் பேசக்கூடியவர்கள், சட்டம் படிப்பவர்களாக இருந்தால் இன்னும் நல்லது, இரண்டு மூன்று பேர் வேண்டும். சேலை கட்டத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.