காற்றுக்கு ஒரு கடிவாளம்

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி வந்து செல்வோர் காவடிகளையும் மலைப்படிகளையும் நினைவில் வைத்திருப்பர். அடிவாரத்துப் பலூன் சுடும் கடைகளை நினைவில் வைப்போர் மிகச் சிலரே. பலகையில் வரிசையாகக் கட்டிய பலூன்கள், மேசைமீது இரண்டு மூன்று ஏர்கன்கள், குண்டு எண்ணிக் கொடுக்கும் ஒரு கை. அவ்வளவுதான் அந்த வணிகம். எங்கள் கே.ஜி.கண்டிகையில், அத்தகைய கடையை ஊர் ஊராகத் திருவிழாக்களுக்குக் கொண்டு செல்லும் குடும்பம் ஒன்று உண்டு. அவ்வீட்டுப் பிள்ளைகள் இருவரும் என்னிடம் இயற்பியல் பயின்றவர்கள். மூத்தவன் ஜப்பானில் மோட்டார் உதிரிபாகத் தொழிற்சாலையொன்றில் பணிபுரிகிறான். இளையவன் சோளிங்கர் சாலையில் பஞ்சர் கடை வைத்திருக்கிறான்.

தை மாதத்தில் ஒரு நாள், அண்ணன் அனுப்பிய காணொளி ஒன்றை இளையவன் என்னிடம் கொண்டுவந்து காட்டினான். உண்மைத் துப்பாக்கி வைத்திருக்க மிகக் கடுமையான கட்டுப்பாடுள்ள நாடு ஜப்பான். அதனால்தானோ என்னவோ, பிளாஸ்டிக் மணிகளைச் சுடும் ஏர்சாஃப்ட் என்ற விளையாட்டுத் துப்பாக்கிகள் அங்கேதான் தோன்றிப் பெருகின. மூத்தவனிடம் இருப்பது டோக்கியோ மாருய் நிறுவனத்தின் எம்870. ஒரு முறை விசையை அழுத்தினால் மூன்று அல்லது ஆறு மணிகள் சேர்ந்து பாயும். அதன் பின்கட்டைக்குள் ஒரு சிறு வாயுக்கலம் இருக்கிறது.

அக்கலத்தில் ஊற்றப்படுவது 134ஏ எனும் குளிர்பதன வாயு. நம்மூர்க் கார்களின் ஏ.சி.யில் இருப்பதும் அதுவே. திரவமும் ஆவியும் ஒரே கலத்தில் சேர்ந்திருக்கும் வரையில், உள்ளழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை ஒன்றே. 20 பாகை செல்சியசில் அது வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 5.7 மடங்கு. 0 பாகையில் 3 மடங்குக்கும் சற்றுக் குறைவு. திருத்தணியின் கத்திரி வெயில் 40 பாகையைத் தொடும்போதோ 10 மடங்கு. அதாவது அந்தத் துப்பாக்கியின் வலிமை வானிலையின் கையில் இருக்கிறது. போதாக்குறைக்கு, ஒவ்வொரு முறை சுடும்போதும் திரவம் ஆவியாகிக் கலத்தை மேலும் குளிர்விக்கிறது. கல்யாணச் சமையற்கூடங்களில் பெரிய அடுப்புக்கு ஓயாமல் எரிவாயு செல்லும்போது சிலிண்டரின் புறத்தே வியர்த்துப் பனி படிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே கதைதான். ஜப்பானியக் குளிர்காலத்தில் மூத்தவனின் துப்பாக்கி நான்காம் முறையிலேயே மணிகளைக் காலடியில் உதிர்க்கத் தொடங்கியது.

அவன் செய்த மாற்றம் எளிமையானது. வாயுக்கலத்தைக் கழற்றிவிட்டு, அவ்விடத்தில் ஓர் இணைப்பைப் பொருத்தி, பின்கட்டையில் துளையிட்டு ஒரு குழாயை வெளியே கொணர்ந்தான். அக்குழாய் இடுப்பில் தொங்கும் காற்றுக் குடுவைக்குச் செல்கிறது. குடுவையின் கொள்ளளவு 0.8 லிட்டர், உள்ளே வெறும் காற்று, ஆனால் 200 வளிமண்டல அழுத்தத்தில். குடுவையின் கழுத்தில் ஒரு ரெகுலேட்டரும், அடுத்து மற்றொன்றும் அதனைப் படிப்படியாகக் குறைத்து, 6 மடங்கு அளவில் துப்பாக்கிக்கு அனுப்புகின்றன. குளிரானாலும் வெயிலானாலும் முதல் குண்டும் நூறாம் குண்டும் ஒரே வேகம்.

இது புதுமையும் அன்று. 1780 வாக்கில் ஜிரார்தோனி என்பவர் ஆஸ்திரியப் படைக்கு உருவாக்கிய காற்றுத் துப்பாக்கியின் பின்கட்டையே காற்றுக்கலம். அதனை நிரப்பக் கைப்பம்பை ஏறத்தாழ 1500 முறை அடிக்க வேண்டியிருந்ததாம். அந்தப் படைவீரர்களின் தோள்களுக்கு என் அனுதாபங்கள்.

தோள் என்றதும்தான் இளையவனின் உள்ளக்கிடக்கை வெளிப்பட்டது. பலூன் கடைத் துப்பாக்கியை ஒவ்வொரு குண்டுக்கும் முறித்து, உள்ளிருக்கும் சுருள்வில்லை இறுக்க வேண்டும். குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் கடைக்காரரே முறித்துத் தருவார். திருவிழா நாளில் அது நூற்றுக்கணக்கான முறை. முப்பது ஆண்டுகளாக அதைச் செய்துவரும் தந்தைக்கு இப்போது வலக்கையைத் தலைக்கு மேல் தூக்க இயலவில்லை.

"அண்ணன் பண்ணினதையே நம்ம துப்பாக்கிக்கும் பண்ணிடலாம் சார். அப்பா சும்மா உட்கார்ந்திருந்தா போதும்."

"காற்றுக்கு எங்கே போவாய்?"

"என் கம்ப்ரசர் பத்துக்கு மேல ஏறாது. வெல்டிங் கடை ஆக்சிஜன் சிலிண்டர்ல நூற்றைம்பது இருக்கு. பழைய தீயணைப்பான் ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன், அதுல பிடிச்சுக்கலாம்."

எனக்கு உடல் சிலிர்த்தது. மிகுந்த அழுத்தத்திலுள்ள ஆக்சிஜன், எண்ணெயோ கிரீசோ பட்ட இடத்தில் தீப்பொறியின்றியே பற்றி எரியக்கூடும். துப்பாக்கியின் உட்புறமோ எண்ணெய் தடவியது. அந்தத் தீயணைப்பானும் 150 மடங்கு அழுத்தத்தைத் தாங்குவதற்கென்று செய்யப்பட்டதன்று. அண்ணனின் சிறு குடுவையையே எடுத்துக்கொள்வோம் என்று தாளில் கணக்கிட்டுக் காட்டினேன். 0.8 லிட்டரில் அடைபட்ட அந்தக் காற்றின் ஆற்றல் 70 கிலோ எடையுள்ள ஒருவரை ஏறத்தாழ 100 மீட்டர் உயரம் தூக்கவல்லது. முருகன் மலையின் 365 படிகளும் அதற்குள் அடங்கிவிடும். அது சிறிது சிறிதாக வெளிவந்தால் விளையாட்டு. ஒரே கணத்தில் வெளிவந்தால்?

இன்னொன்றையும் அவனுக்கு உணர்த்த வேண்டியிருந்தது. வாயுக்கலம் பலவீனமானதுதான், ஆயினும் அதற்கு இயற்கையே வரம்பு வைத்திருக்கிறது. வெப்பநிலை அனுமதிப்பதற்கு மேல் அதன் அழுத்தம் ஏறாது. வெளிக்குடுவையில் அந்த வரம்பு ரெகுலேட்டரின் ஒரு திருகாணிக்கு இடம் மாறிவிடுகிறது. அதனை அரைச் சுற்றுத் திருகினால் விளையாட்டுத் துப்பாக்கி சட்டத்தின் எல்லையைத் தாண்டிவிடும். ஜப்பானில் 2006-இல் திருத்தப்பட்ட சட்டம் 6 மில்லிமீட்டர் மணிக்கு அனுமதிப்பது ஏறத்தாழ 0.98 ஜூல் மட்டுமே. நம் நாட்டிலும் 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், 20 ஜூலுக்கு மேற்பட்ட ஏர்கன்களுக்கு உரிமம் கேட்கின்றன. வானிலையிடமிருந்து விடுதலை பெற்றவன் தன் கையைக் கண்காணிக்கக் கடமைப்பட்டவன் ஆகிறான் அல்லவா?

பலூன் கடைத் துப்பாக்கியை மேசைமீது பிரித்துப் பார்த்தோம். வில்லும் பிஸ்டனும் தவிர உள்ளே ஏதுமில்லை. காற்றை அளந்து விடும் வால்வு இல்லாத துப்பாக்கியில் குழாயை எங்கே இணைப்பது? அண்ணனின் துப்பாக்கியில் வால்வு முன்பே இருந்ததால்தான் அந்த மாற்றம் எளிதாயிற்று. இளையவன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு வில்லைக் கையில் எடுத்து அழுத்திப் பார்த்தபடி, "பலூன் உடைய இவ்வளவு வேகம் வேணுமா சார்?" என்றான். நல்ல மாணவன் கேட்கும் கேள்வி அது.

மறுவாரம் மெல்லிய வில்களும் புதிய வாஷர்களும் வந்தன. அவர்கள் வீட்டுப் புறக்கடையில் சோதித்தோம். குண்டின் வேகம் கண்கூடாகக் குறைந்தது; ஓரிரு பலூன்கள் உடையாமல் ஆடி நின்றன. "ஜனங்க சிரிப்பாங்க" என்று முகம் சுளித்தார் தந்தை. இளையவன் பலகையை இரண்டடி முன்னே நகர்த்தினான். அதன்பின் எல்லாம் உடைந்தன. பெரியவர் தாமே ஒரு துப்பாக்கியை எடுத்து, இடக்கையால் முறித்துப் பார்த்தார். மீண்டும் ஒரு முறை முறித்தார். ஒன்றும் சொல்லவில்லை.

தீயணைப்பான் பழைய இரும்புக்கடைக்குப் போயிற்று. அன்றிரவே இளையவன் அண்ணனை அழைத்து, குடுவையின் மேல் பொறித்திருக்கும் சோதனைத் தேதியைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னான். இத்தகைய குடுவைகளைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை நீரழுத்தத்தால் சோதித்தாக வேண்டும். படம் வந்தது. இருவரும் கண்ணாடி போட்டுக்கொண்டு எண்களைப் படித்தோம். அடுத்த சோதனைக்கு இன்னும் நான்கு மாதமே இருந்தது. அண்ணனுக்கு அது தெரிந்திருக்கவில்லை.